எரிச்சல் சொட்டு

"விளக்கைப் போட்டுத் தொலையேன்! அரை இருட்டுல உக்கார வெச்சு வேடிக்கை பாக்கறியா?"

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சன்னலும் திறந்திருந்தது. காலை வெயில் மாஸ்டரின் மடியிலேயே விழுந்து கிடந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? மனைவி அவர் கையைப் பிடித்துக் காபி டம்ளரை வைக்கப் போனாள். அவர் உதறினார். காபி சுவரெல்லாம் தெறித்தது.

"கொட்டு, நல்லாக் கொட்டு!" அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது. "என் பிள்ளை கண்ணைத்தான் பறிச்சாச்சு, வாய்க்குப் போறதையுமா தட்டிவிடணும்?"

கொட்டியது மகன், வசவு மருமகளுக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தாள்.

தையல் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். மாஸ்டர் என்றே அழைத்து அழைத்து, சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். சாக்கட்டியால் அவர் ஒரு கோடு இழுத்தால் அதை அளந்து பார்க்க எவனுக்கும் துணிச்சல் வராது. இத்தனைக்கும் அவருக்கு இருந்தது ஒற்றைக் கண். இடது கண் சிறுவயதுக் காய்ச்சலோடு போய்விட்டது. வலது கண்ணின் கருவிழியிலும் தழும்பு படர்ந்து மங்கியபோது, யாரோ ஒரு புண்ணியவான் இறந்து கொடுத்த கருவிழியை எடுத்து வைத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று அவர் மனைவியை உற்றுப் பார்த்து, "அடிப்பாவி, உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா? ஏமாத்திட்டியே!" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஆயுசு குறைவு.

ஆஸ்பத்திரியில் இரண்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்று பால்போல் வெள்ளையாக இருக்கும். புதுக் கருவிழியை உடம்பு ஒதுக்கிவிடாமல் காப்பது அது. ஆனால் சிலருக்கு அந்த மருந்தே கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடுமாம். மாஸ்டருக்கும் ஏற்றியது. அதை இறக்கத்தான் இரண்டாவது மருந்து. அது மிளகாய்போல் எரியும், கண்ணும் சிவக்கும். வீட்டில் ஒன்றுக்குப் பால் சொட்டு என்றும் இன்னொன்றுக்கு எரிச்சல் சொட்டு என்றும் பெயர் வைத்துவிட்டார்கள்.

மாஸ்டர் வீட்டில் இருக்க, அவள் அதே கம்பெனிக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கப் போனாள். காலைச் சொட்டு அவள் பொறுப்பு. மற்ற வேளைச் சொட்டெல்லாம் மாமியார் கைக்குப் போயின.

"எங்கம்மா ஊத்தினா எரியறதே இல்லை. உன் கைதான் எரியுது" என்று அவர் அடிக்கடி சொல்வார். அம்மாவின் மேல் பாசம், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த பிழை.

ஒருநாள் அவர் தலைவலி தாங்காமல் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்த டாக்டர் நின்றபடியே சொன்னார்.

"அழுத்தம் ஏறி நரம்பை நசுக்குதும்மா. உடனே உள்ளே ஒரு குழாய் வெச்சு நீரை வடிக்கணும். குழாய் வெச்சா கருவிழி சீக்கிரம் கெட்டுப் போக வாய்ப்பு நிறைய. வைக்கலைன்னா நரம்பு செத்துடும். கருவிழி போனா வேறொண்ணு தேடலாம், நரம்பு போனா போனதுதான்."

அவள் கையெழுத்துப் போட்டாள். குழாய் வைத்தார்கள். நரம்பில் மிச்சமிருந்தது தப்பியது. ஆனால் மாதங்கள் போகப் போகக் கருவிழி ஆவி படிந்த கண்ணாடிபோல் மங்கியது. 'தெளிஞ்ச கண்ணுல குழாயைச் சொருகச் சொன்னவள்' என்ற பட்டம் அவளுக்கு நிலைத்தது. மாஸ்டர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். பேசினால் இன்று காலைபோலத்தான்.

அவளுக்கு மட்டும் ஒன்று தெரியும். அவர் சுருண்டு விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்கு மருந்துகளை எடுத்து வைத்தபோது எரிச்சல் சொட்டு முக்கால்வாசி அப்படியே இருந்தது. பால் சொட்டோ அடியில் கொஞ்சமே மிஞ்சியிருந்தது. மாமியாரின் கை ஏன் எரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

காபி கொட்டிய அன்று மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இம்முறை வேறு டாக்டர். கண்டிப்பும் கனிவும் கலந்த ஒரு பெண்மணி. நெடுநேரம் பரிசோதித்துவிட்டு நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார்.

"மறைக்காமச் சொல்றேன். இன்னொரு கருவிழி வைக்கலாம். ஆனா குழாய் இருக்கற கண்ணுல, அதுவும் ரெண்டாவது தடவை, ரொம்ப காலம் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன். நரம்பும் பாதிக்கு மேல போயாச்சு. ஆள் நடமாட்டம் தெரிஞ்சா பெரிசு. துணி வெட்டற வேலையை மறந்துடுங்க."

மாஸ்டரின் விரல்கள் மேசை விளிம்பைத் தடவின.

"இப்ப ஒரு கேள்வி. உண்மையைச் சொல்லணும்" என்றார் டாக்டர். "அழுத்தம் ஏறினப்போ, அந்த எரியற மருந்தை எல்லா வேளையும் போட்டீங்களா? போட்டும் ஏறிச்சுன்னா என் வைத்தியமே வேற. தப்பாச் சொன்னா மிச்சமிருக்கற வெளிச்சமும் போயிடும்."

மாமியாரின் முகம் வெளிறியது. மருமகள் அதைப் பார்த்தாள்.

"சரியாப் போடலை டாக்டர். அதுக்குப் பதிலாப் பால் மருந்தைக் கூடுதலா விட்டோம்."

"யார் சொல்லி?"

"நான்தான்... நான்தான் அத்தைகிட்ட அப்படிப் போடச் சொன்னேன்."

மாஸ்டர் நாற்காலி சரிய எழுந்தார். "நீயா?... அதையும் நீயேதான் பண்ணினியா? அதுக்கப்புறம் குழாய்க்கும் கையெழுத்துப் போட்டியா?"

"அந்தக் கையெழுத்தைத் திட்டாதீங்க" என்றார் டாக்டர். "அது இல்லைன்னா இன்னிக்குப் பகலா இரவான்னுகூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அது மாஸ்டர் காதில் ஏறவில்லை. தட்டுத் தடுமாறி வெளியே வந்து பெஞ்சில் விழுந்தார். "அம்மா, இவளை எங்கேயாவது போகச் சொல்லு. இவ இருக்கற வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகத்தான் போகிறாள். எங்கே என்றுதான் தெரியவில்லை.

"நில்லுடி!" மாமியாரின் குரல் உடைந்தது. மகனின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவ சொல்லலைடா... ஒரு வார்த்தை சொல்லலை. பண்ணினது நான்! கண்ணு சிவந்தா கருவிழி போயிடும்னு ஆஸ்பத்திரியிலேயே சொன்னாங்களே... அந்த மருந்தை விட்டாத்தானே சிவக்குது? நீ வேற எரியுது எரியுதுன்னு துடிச்சே... பெத்த மனசு கேக்கலைடா! குளுகுளுன்னு இருக்கறதுதானே கண்ணுக்கு நல்லதுன்னு..."

மருமகளைப் பார்த்துக் கை கூப்பினாள். "தெரிஞ்சும் ஏன்டி வாயை மூடிக்கிட்டிருந்தே? நான் உன்னை என்னென்ன பேசினேன்!"

"சொல்லியிருந்தா இவருக்குக் கண்ணும் போயிருக்கும், அம்மாவும் இல்லாமப் போயிருப்பாங்க, அத்தை. ஒண்ணாவது மிஞ்சட்டுமேன்னுதான்..."

அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. இத்தனை நாள் அடக்கியதெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. மாமியாரைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் சாய்ந்து அழுதாள்.

மாஸ்டர் கையை நீட்டித் துழாவி, அகப்பட்ட கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"என்னை மன்னிச்சுடும்மா... உன்னைப் போய் வெளியே போகச் சொன்னேனே. இந்தக் கண்ணு போனது போகட்டும், நீ போயிடாதே. எங்கம்மாவை மட்டும் வெறுத்துடாதே... அது பாவம், தெரியாமப் பண்ணிடுச்சு."

அவர் பற்றியிருந்தது தாயின் கை.

கிழவி மகனின் கையை மெல்ல எடுத்து மருமகளின் கைக்குள் வைத்தாள். கை மாறியது அவருக்குத் தெரியவில்லை. அதையும் அதேபோல் பிடித்துக்கொண்டார்.

"அம்மா எங்கே? பேச்சையே காணோம். அழறாங்களா?" என்று கேட்டார்.

மாமியார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றாள் அவள்.