குழலுக்குள் ஒரு விரல்

வாத்து சுடும் பருவம் தொடங்கும் மே மாதச் சனிக்கிழமை. உலகத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் சவுத்லாண்ட் பக்கத்தில் அன்றைக்குக் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளைகூட வரமாட்டான். விடியலுக்கு முன்பே நானும் மொய்ரா டன்னெட்டும் வண்டியைப் பண்ணை வாசலில் நிறுத்திவிட்டு, மழையில் சதுப்பை நோக்கி நடந்தோம். துப்பாக்கிகள் தோட்டா இல்லாமல், குழல் மடங்கித் திறந்தபடி கைமடிப்பில் கிடந்தன. நாய் பிப் முன்னால் ஓடியது.

நான் ஆட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன். என் அப்பாவும் அதே தொழில்தான். நோய் பிடித்த கிடாவைக் கொம்பன் என்று விற்பவர்களின் முகத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எந்த முகத்துக்கு என்ன விலை என்று ஓரளவு தெரியும். ஆனால் ஹேமிஷ் டன்னெட்டின் முகத்துக்கு மட்டும் இரண்டு வருடமாக என்னால் விலை போட முடியவில்லை.

வேலி வந்தது. மொய்ரா நின்றாள்.

இரண்டு வருடம் முன்பு, இதே பருவத்தின் முதல் நாளில், அவள் கணவன் ஆங்கஸ் இந்த வேலியடியில்தான் கிடந்தான். குண்டுள்ள துப்பாக்கியோடு வேலி தாண்டினான், கம்பியில் விசை மாட்டிச் சுட்டுக்கொண்டான் என்றான் கூட இருந்த தம்பி ஹேமிஷ். நான் அந்த வருடம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். வேறு சாட்சி இல்லை. ஊர் நம்பியது. மதுக்கடையில் சிரிக்கக்கூடச் செய்தது, ஏனென்றால் ஊருக்கே துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன் ஆங்கஸ்.

"சமையலறைக்குள்ள கத்தியக்கூட உறை போட்டுத்தான் எடுத்துட்டு வருவான்" என்றாள் மொய்ரா. "அவனா குண்டோட வேலி தாண்டினான்?"

"விடு மொய்ரா. காலங்காத்தால எதுக்கு."

"மழை கொட்டுது, லெக்ஸ். அன்னைக்கும் இப்படித்தான் கொட்டுச்சு. அவன் உடம்புல கோட்டு இல்ல. கோட்டு இல்லாம ஏன் வெளிய வந்தான்? அந்தக் கோட்டு எங்க போச்சு? ஹேமிஷக் கேட்டா, ஆத்துல போயிருக்கும்கிறான். கோட்டு தானா நடந்து போச்சாமா? அது கிடைக்கிற வரைக்கும் என் புருஷன் முட்டாளாத்தான் செத்தான்."

அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள். ஆங்கஸ் வாத்துக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நேற்று மாலைதான் என்னிடம் சொன்னாள். ஹேமிஷுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

துப்பாக்கிகளைத் தரையில் வைத்து, ஒருவர் தாண்டியபின் மற்றவர் எடுத்துக் கொடுத்து, வேலியைக் கடந்தோம். ஆங்கஸ் சொல்லித்தந்த முறை.

குளக்கரையில் மைமை தெரிந்தது. வாத்துக்குக் காத்திருக்கும் குடிசைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். தகரமும் நாணலும் சேர்த்துக் கட்டியது. முன்பக்கம் நெஞ்சுயரத் திறப்பு. உள்ளே நீண்ட பலகையில் நான்கு இடம்.

ஹேமிஷ் ஏற்கெனவே உள்ளே இருந்தான். இருட்டில் உருவம் மட்டும்.

"லெக்ஸ், லேட்டுடா. பொண்டாட்டி போர்வையை விடலையா?"

"மொய்ராவும் வந்திருக்கா."

ஹேமிஷ் ஓரத்துக்கு இன்னும் நகர்ந்து உட்கார்ந்தான். மழை தகரத்தைத் தட்டியது.

"விளக்கு போடாத" என்றான். "வாத்து கலைஞ்சிடும்."

குளத்தில் அப்போது ஒரு வாத்தும் இல்லை.

நான் ஒரு ஓரம். எனக்கு அடுத்து மொய்ரா. அவளுக்கு அடுத்தது ஆங்கஸின் இடம், அதில் யாரும் உட்காரவில்லை. மறு ஓரம் ஹேமிஷ். ஒவ்வோர் இடத்துக்கும் நடுவில் தடுப்புக் கட்டை ஒன்று நிற்கும். பறக்கும் வாத்தைத் துரத்தும் வெறியில் குழலைப் பக்கத்து ஆள்மேல் திருப்பாமல் அது தடுக்கும். ஆங்கஸ் அடித்தவை. அவன் இடத்துக்கும் ஹேமிஷின் இடத்துக்கும் நடுவில் இருந்த கட்டை மட்டும் அடியோடு அறுபட்டிருந்தது. பார்வைக்கு இடைஞ்சல் என்று ஹேமிஷ் எப்போதோ அறுத்தது. அடிமுளை மட்டும் மிச்சம்.

உள்ளே ஈர நாணல் வாடை. துப்பாக்கி எண்ணெய் வாடை. இவற்றுக்கு அடியில் மெல்லிதாக, சோம்பு மிட்டாய் வாடை.

ஆங்கஸ் எப்போதும் சப்பிக்கொண்டிருக்கும் மிட்டாய்.

பிப் உள்ளே வந்தது. காலியான இடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து வாலை ஆட்டியது. அது ஆங்கஸின் நாய்.

"சரி, பார்த்துடலாம்" என்றேன். இந்த மைமையின் வழக்கம் அது. சுடும் நேரத்துக்கு முன்பு அவரவர் துப்பாக்கியைத் திறந்து மடியில் வைக்க வேண்டும். பக்கத்து ஆள் குழல்களுக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். உன் துப்பாக்கிக்கு நீயே சாட்சி சொல்லக் கூடாது என்பான் ஆங்கஸ்.

மொய்ராவின் குழல்களுக்குள் விரலை விட்டேன். "காலி."

அவள் என்னுடையதைத் தொட்டாள். "காலி."

"காலி" என்றது ஹேமிஷின் பக்கத்திலிருந்து இன்னொரு குரல், கிசுகிசுப்பாக.

ஹேமிஷ் சிரித்தான். "ஏய் மொய்ரா, என்ன விரல் அது? பனிக்கட்டி மாதிரி இருக்கு."

மொய்ராவின் மூச்சு நின்றதை நான் கேட்டேன்.

"நான் உன் துப்பாக்கியத் தொடல, ஹேமிஷ்."

பிப்பின் வால் மட்டும் பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.

"விளையாடாதீங்க ரெண்டு பேரும்" என்றான் ஹேமிஷ். குரலில் எரிச்சல். எரிச்சலுக்கு அடியில் வேறு ஏதோ. கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் தோட்டாக்களை எடுக்கும் சத்தம் கேட்டது. குளிரில் விறைத்த விரல்கள். ஒன்றைப் போட்டான். இன்னொன்றைப் போட்டான். அது எங்கேயோ 'டொக்' என்றது.

"சே. ஒண்ணு கீழ விழுந்துடுச்சு."

தரையில் எதுவும் உருளவில்லை.

மூன்றாவது ஒன்றை எடுத்துப் போட்டான். துப்பாக்கியை மூடப்போகும் நேரத்தில், என் காதுக்கும் அவன் காதுக்கும் நடுவே எங்கிருந்தோ ஒரு முணுமுணுப்பு வந்தது.

"குழலைப் பாரு."

"லெக்ஸ், வாய மூடுடா! ஆங்கஸ் செத்தும் அவன் பாட்ட நீ பாடுறியா?"

நான் வாயே திறக்கவில்லை.

டக். துப்பாக்கியை மூடினான்.

கிழக்கு வெளுத்தது. தூரத்துக் குளங்களில் முதல் வெடிகள் கிளம்பின. நிமிடத்துக்குள் ஊரைச் சுற்றி எல்லாத் திசையிலும் அதிர்ந்தது. எங்கள் மைமையில் யாரும் சுடவில்லை. மொய்ரா ஹேமிஷையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் போட்டிருந்த மழைக்கோட்டைப் பார்த்தாள். இடது தோளில் பச்சை நூலில் தைத்த ஒட்டு.

"அது நான் தைச்சது" என்றாள், மெதுவாக.

ஹேமிஷ் குனிந்து தோளைப் பார்த்தான். நல்ல கோட்டு. இரண்டு வருடம் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்தது. சொந்தக் கோட்டு ஒழுகியிருக்கும். மொய்ரா வருவாள் என்று தெரியாமல், வீணாகக் கிடக்கிறதே என்று மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கஞ்சன் மாட்டுவது எப்போதும் இப்படித்தான்.

மொய்ராவின் விரல் ஆங்கஸின் இடத்துக்கு மேலே சுவரில் இருந்த ஆணியைக் காட்டியது. "உள்ள வந்ததும் கோட்ட இங்கதான் மாட்டுவான். இங்கேர்ந்துதான் நீ எடுத்திருக்க, அப்போ அவனும் இங்கதான் இருந்தான். வேலிக்குப் போகவே இல்ல. நீ இழுத்துட்டுப் போயிருக்க."

"மொய்ரா, கேளு..."

"கட்டைய அறுத்தது நீ. துப்பாக்கியத் திருப்பினது நீ."

"நான் வாத்தத்தான் பார்த்தேன்!" என்று அலறினான். "அவன் எந்திரிச்சான்! பாதி மண்டை... நான் என்ன பண்ண? பண்ணைல பாதி அவன் பேர்ல. வேணும்னே செஞ்சேன்னு ஊரே சொல்லும்."

"அதனால அவன ஊர் சிரிக்க வெச்சே."

ஹேமிஷின் முகத்துக்கு அப்போதுதான் எனக்கு விலை தெரிந்தது. பேரம் முடிந்துவிட்டது, இனி வேறு வழியில்லை என்று முடிவு செய்த முகம். துப்பாக்கி அவன் மடியிலிருந்து எழுந்தது. எங்கள் துப்பாக்கிகள் இன்னும் திறந்தபடி, வெறுமையாக.

"இன்னைக்கு ஊர் பூரா வெடி" என்றான். "இன்னும் ரெண்டு வெடிய யார் எண்ணப் போறா? அந்த வேலி ரொம்ப மோசமான வேலி, லெக்ஸ்."

அறுபட்ட கட்டையின் முளைக்கு மேலே குழல் தடையில்லாமல் எங்கள் பக்கம் திரும்பியது. நான் மொய்ராவை இழுத்தேன். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒளிய இடமில்லை.

பிப் வாலாட்டுவதை நிறுத்தியது.

"குழலைப் பார்த்தியா, ஹேமிஷ்?"

முணுமுணுப்பு இல்லை. வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல். மூவரும் கேட்டோம். காலியான இடத்திலிருந்து, சோம்பு வாடையோடு வந்தது.

ஹேமிஷ் அலறினான். எங்களை விட்டுவிட்டு, அந்த இடத்தைக் குறிவைத்து, இரண்டாவது முறையாகத் தன் அண்ணனைச் சுட்டான்.

மைமை வெள்ளையாக வெடித்தது.

காது செத்தது. புகை விலகியபோது ஹேமிஷ் நின்றுகொண்டிருந்தான். குழல் உரித்த வாழைப்பழத் தோலாக நான்கு பக்கமும் விரிந்திருந்தது. அதைத் தாங்கியிருந்த இடது கை மணிக்கட்டோடு இல்லை. விரல்கள் தகரத்தில் ஒட்டியிருந்தன. கழுத்தில் உள்ளங்கை நீள எஃகுத் துண்டு செருகி நின்றது. எதையோ சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தை கழுத்து வழியாகச் சிவப்பாக வந்தது.

ஆங்கஸின் இடத்தில் விழுந்தான்.

மொய்ரா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் காயத்தில் இரண்டு கையாலும் அழுத்தினாள். அவனைக் காப்பாற்றத்தான் பார்த்தாள், அதற்கு நான் சாட்சி. மழை நிற்பதற்குள் அவன் போய்விட்டான்.

வெடித்த குழலுக்குள் காவல்துறை மஞ்சள் தோட்டாவின் மிச்சத்தைக் கண்டெடுத்தது. எங்கள் மூவரின் துப்பாக்கியும் பெரிய குழல், அதற்குச் சிவப்புத் தோட்டா. தோள்வலி காரணமாக ஆங்கஸ் மட்டும் சின்னக் குழல் வைத்திருந்தான், அதற்கு மஞ்சள். மஞ்சளைப் பெரிய குழலில் போட்டால் உள்ளே வழுக்கிப்போய்ப் பாதியில் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி காலியாகத் தெரியும். பின்னாலேயே சிவப்பைப் போடலாம். பிறகு விசையை இழுத்தால் வெடிப்பது துப்பாக்கிதான். ஆங்கஸ் வருடா வருடம் வகுப்பு மேசையில் இப்படி வெடித்த பழைய குழல் ஒன்றை வைத்துக் கூவியதே இதைத்தான்: ஒரே கோட்டுப் பையில் இரண்டு வகைத் தோட்டா வைக்காதே, தோட்டா தவறினால் குழலைப் பார்க்காமல் மூடாதே.

கோட்டு ஆங்கஸுடையது. பையில் மஞ்சள் தோட்டா கிடந்ததில் மர்மம் ஒன்றுமில்லை என்றார் அதிகாரி. நான் தலையாட்டினேன். விரலைப் பற்றி நானும் சொல்லவில்லை, மொய்ராவும் சொல்லவில்லை.

மதுக்கடையில் இப்போது ஆங்கஸைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை. மொய்ரா அந்தக் கோட்டைக் கேட்டு வாங்கி, துவைத்து, வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறாள்.

வசந்தம் வந்ததும், நல்ல வெயில் நாளாகப் பார்த்து, சுத்தியலும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு மைமையைப் பிரிக்கப் போனோம். துப்பாக்கி எதுவும் கொண்டுபோகவில்லை. அறுபட்ட முளை இருந்த இடத்தில் புதுக் கட்டை ஒன்று நின்றது. மரப்பால் இன்னும் ஈரமாக இருந்தது.

"நீயா வெச்ச?" என்றாள் மொய்ரா.

"எனக்கு ஆணி அடிக்கவே வராது, உனக்குத் தெரியாதா."

அவள் சிரித்தாள், வெகுநாள் கழித்து. பழைய இடத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"காலி."

நானும் உட்கார்ந்தேன். "காலி."

"காலி" என்றது பக்கத்து இடம், சோம்பு மணக்க. பிப் வாலை ஆட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குப் பயமே வரவில்லை.

பிறகு பிப் திரும்பி, புதுக் கட்டைக்கு அந்தப் பக்கத்து ஓரத்தைப் பார்த்தது. அதன் முதுகு மயிர் எழுந்தது.

அங்கே யாரும் இல்லை.

அங்கிருந்து, ஈரமாக, கழுத்து வழியாக, மூச்சு விடும் சத்தம்.

அப்புறம் 'டக்' என்று, துப்பாக்கியை மூடும் சத்தம்.