விடுமுறை நாளில் ஒரு பெயர் மாற்றம்

விடுமுறை நாளில் அரசு அலுவலகத்துக்கு எவரும் வருவதில்லை. வருகிறவர் நல்ல காரியத்துக்கு வருவதில்லை.

வாகனப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் கவுன்ட்டர் எழுத்தர் பின்பக்கப் பூட்டைத் திறந்தபோது காலை பத்து மணி. வானம் மூடிக் கிடந்தது. பகலிலும் விளக்குப் போட்டால்தான் எதிரில் இருப்பவர் முகம் தெரியும் பழைய கட்டடம் அது. வாரமெல்லாம் சந்தையாக இரைந்த கூடம், அன்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. ஈரமேறிய காகிதத்தின் வாடை. எங்கோ ஒரு குழாய் சொட்டும் ஓசை.

அவருக்குப் பின்னால் தரகர் நுழைந்தார். அலுவலகம் முழுவதும் அவருக்கு 'மாப்பிள்ளை' என்றே பெயர். எந்த அறைக்குள்ளும் தட்டாமல் போவார். எவர் நாற்காலியிலும் உட்காருவார். உபசாரம் குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பெண் கொடுத்த வீடுகூட அவ்வளவு பயப்படாது.

பத்து நாட்களுக்கு முன், ஒரு பெரிய முதலாளியின் கார் பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாய்ந்தது. ஆலை வேலை முடிந்து சாலையைக் கடக்க நின்ற இரண்டு பெண்களை அடித்துவிட்டுக் கால்வாயில் விழுந்தது. அந்தப் பெண்களும் இறந்தார்கள், ஓட்டுநரும் இறந்தார். பிரேக்கைப் பாருங்கள், பாருங்கள் என்று ஒரு மாதமாக முதலாளியிடம் மன்றாடியவர் அந்த ஓட்டுநர்தான். காப்பீட்டைப் புதுப்பிக்க அனுப்பிய மனுவில் எஞ்சின் எண் தவறாக இருந்ததால் நிறுவனம் அதைத் திருப்பியிருந்தது. திருத்தி அனுப்ப முதலாளிக்கு நேரமில்லை. ஆகவே விபத்தன்று காருக்குக் காப்பீடும் இல்லை.

காப்பீடில்லாத கார் கொன்ற உயிருக்கு யார் பொறுப்பு? பதிவேட்டில் உரிமையாளர் என்று எவர் பெயர் நிற்கிறதோ, அவர்.

அந்தப் பெயரை மாற்றத்தான் இருவரும் வந்திருந்தார்கள். விபத்துக்கு நான்கு நாள் முன்பே கார் ஓட்டுநருக்கு விற்கப்பட்டதாக ஒரு வரி எழுதினால் முதலாளி கைகழுவிவிடலாம். இரண்டு பெண்களின் உயிருக்கும் இறந்தவரே பதில் சொல்ல வேண்டியவராவார். அவரால் சொல்ல முடியாது. அவருடைய மனைவி சொல்லுவாள், இருக்கிற ஓரறை வீட்டை இழந்து. உழைத்தவன் உயிரையும் கொடுத்தான். பழியையும் அவனே சுமக்கட்டும் என்று தீர்மானித்தவர்கள், அதற்கு ஆயுதமாகக் கேட்டது ஒரு பேனாவைத்தான்!

முந்தின நாள்தான் அந்த ஓட்டுநரின் மனைவி கவுன்ட்டரில் நின்றாள். "அவரு வெறும் டிரைவர்தான், கார் அவரோடது இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அது இருந்தாத்தான் என் மனுவையே வாங்குவாங்களாம்." எழுத்தர் அவள் முகத்தைப் பார்க்காமல், திங்கட்கிழமை வரச் சொன்னார். எழுத்தரின் மகனுக்கு முதலாளியின் நிறுவனத்தில் வேலை என்ற உத்தரவு, மாப்பிள்ளையின் சட்டைப் பையில் மடிந்திருந்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேரம் கடந்து வருகிறவருக்காக, ஒவ்வொரு நாளின் பதிவுக்கும் கீழே ஒரு வரியைக் காலியாக விடுவார்கள். இரக்கத்துக்காக விட்ட இடம் அது. அந்த இடத்தில்தான் எழுத்தர் இறந்தவரின் பெயரை எழுதினார்.

மை காய்ந்ததும் மாப்பிள்ளை விற்பனைப் படிவத்தை எடுத்துக்கொண்டார். முதலாளி அதில் கையெழுத்திட வேண்டும். இங்கே மிச்சமிருந்தது படம் மட்டுமே. புதிய உரிமையாளரைக் கவுன்ட்டர் கேமராவில் எடுக்காமல் கணினி பெயர் மாற்றத்தை முடிக்காது. இறந்தவரின் ஓட்டுநர் உரிமத்திலிருந்த படத்தைக் கேமராவுக்கு முன் பிடிப்பதாக ஏற்பாடு.

"அரை மணியில வந்துடுறேண்ணே," என்றார் மாப்பிள்ளை. "ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? செத்தவன் வந்து ஆட்சேபணை மனு குடுக்கப் போறானா?"

அவருடைய கார் கிளம்பும் ஓசை தேய்ந்து மறைந்தது.

எழுத்தர் கணினியை நோக்கிக் கையை நீட்டினார். தொடுவதற்கு முன்பே கேமராவின் பச்சை விளக்கு எரிந்தது.

திரையில், கவுன்ட்டருக்கு எதிரே மனுதாரர் உட்காரும் நாற்காலி தெரிந்தது. காலியாக இருந்தது. அவர் உரிமத்தை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தார்.

திரையில் நாற்காலி காலியாக இல்லை.

கவுன்ட்டர் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எதிரே எவருமில்லை. மறுபடி திரையைப் பார்த்தார்.

நனைந்த வெள்ளைச் சீருடை. மடியில் தொப்பி. உட்காரச் சொல்லிப் பழக்கமில்லாதவர் உட்காருவதுபோல, நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு ஒரு மனிதர். கால்வாய்ச் சேற்றின் வாடையும், தேய்ந்த பிரேக் கருகும் நெடியும் கூடத்தை நிறைத்தன. குழாய் சொட்டும் ஓசை இப்போது அருகில் கேட்டது.

நாற்காலிக்கு அடியில்.

"சார்," என்றது ஒரு குரல், மிகவும் பணிவாக. "என் பேருக்கு மாத்திட்டீங்களா?"

எழுத்தரின் தலை தானாக அசைந்தது.

திரையிலிருந்த மனிதர் மெல்லப் பின்னால் நகர்ந்தார். முதுகைச் சாய்த்தார். வாழ்நாளில் முதன்முறையாக என்பதுபோல, காலின்மேல் கால் போட்டார்.

"அப்ப இனிமே நான் பின்னாடிதான் உக்காருவேன்."

விளக்கு ஒருமுறை துடித்தது.

"ஓட்டுறதுக்கு ஆள் வேணும் சார்."

அந்தக் கண்கள் மாப்பிள்ளை போன வாசலைப் பார்த்தன. பிறகு திரையில் வெறும் நாற்காலி மட்டுமே இருந்தது.

கைப்பேசி அடித்தது. மாப்பிள்ளை. எப்போதும் கூடமதிரப் பேசுகிறவர், கிசுகிசுத்தார்.

"அண்ணே... வண்டில யாரோ இருக்காங்க. பின்சீட்ல. மூச்சு என் கழுத்துல படுது."

"வண்டிய நிறுத்து."

"பாலத்துல இறங்கிட்டிருக்கேண்ணே. பிரேக்கு மிதிக்க மிதிக்க உள்ள போயிட்டே இருக்கு."

"ஹேண்ட் பிரேக்கு?"

"இழுத்தாச்சு." ஒரு விம்மல். "எதிர்ல ஆளுங்க கடக்குறாங்கண்ணே..."

எழுத்தர் பதிவேட்டின் மேல் பாய்ந்தார். பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. சிவப்பு மையால் கோடிட வேண்டும். அடித்தது கோட்டுக்கு அடியில் படிக்கும்படி இருக்க வேண்டும். அடித்தவர் காரணம் எழுதி முழுக் கையெழுத்திட வேண்டும். விதி அது. கையெழுத்திட்டால் வேலை போகும்; மகனின் வேலையும் போகும். ஒரு நொடி பேனா அந்தரத்தில் நின்றது. கைப்பேசியில் யாரோ அலறினார்கள்.

கோடு போட்டார். 'பொய்ப் பதிவு. எழுதியவன் நான்,' என்று பக்கத்தில் எழுதிப் பெயரை முழுதாக இட்டார்.

டயர்கள் கிறீச்சிட்டன. பிறகு நெடிய அமைதி. பிறகு ஒரு வளர்ந்த மனிதன் குழந்தைபோல் அழும் சத்தம்.

"நின்னுடுச்சுண்ணே. யார் மேலயும் படல."

"பின்னாடி பாரு."

"யாருமில்ல." எச்சில் விழுங்கும் ஓசை. "சீட்டு சொதசொதன்னு நனைஞ்சிருக்கு."

திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். அவள் கேட்ட வரியை எழுத்தர் எழுதிக் கொடுத்தார். பிறகு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குள் போனார். பணி இடைநீக்க உத்தரவோடு வெளியே வந்தார். ஊருக்கெல்லாம் உத்தமராகப் புறப்பட்டுவிட்டார் அப்பா என்று மகன் பல நாள் குத்திக் காட்டினான்.

விபத்து இழப்பீட்டு நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொன்னார். காரின் உரிமையாளர் முதலாளியே. இரு பெண்களின் குடும்பத்துக்கும், பணியில் இறந்த ஓட்டுநரின் மனைவிக்கும் அவரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பெண் எழுத்தரைப் பார்த்துக் கைகூப்பினாள். அதை ஏற்கும் தகுதி தமக்கில்லை என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தார்.

உச்சி வெயில். படிக்கட்டின் கீழே முதலாளியின் புதிய கார் நின்றது. முதலாளி இறங்கி வருவதைக் கண்ட புதிய ஓட்டுநர், ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தான்.

முதலாளி இன்னும் நான்கு படி தள்ளி இருந்தார்.

காரின் பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது, ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழ்வதுபோல.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளிருந்து, கறுப்புக் கண்ணாடியில், இரண்டு தட்டு. பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவனுக்குப் போகலாம் என்று சொல்லும் தட்டு.

ஓட்டுநர் சாவியைக் காரின் மேல் வைத்தான். சாலையில் இறங்கி நடந்தான்; திரும்பியே பார்க்கவில்லை.

முதலாளி நாலாபுறமும் பார்த்தார். படிக்கட்டு முழுவதும் மனிதர்கள். எவரும் அருகே வரவில்லை.

மறுபடியும் இரண்டு தட்டு.

அவர் சாவியை எடுத்தார். முன்கதவைத் திறந்தார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

எழுத்தர் பார்த்துக்கொண்டே நின்றார். கார் மிக மெதுவாகப் புறப்பட்டு, பாலத்துப் பக்கம் திரும்பியது.