பெருத்து வந்த எக்ஸ்ரே

"என் மேல அநியாயமா பழி விழுந்திருக்கு அக்கா. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அதைத் துடைச்சாகணும்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் கடைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை அது. சொந்தக்காரி ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமனார். முப்பது வருஷம் போலீஸ்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகளுக்கு ஒத்தாசையாக இருப்பதாக ஊரிடம் சொல்லிக்கொள்வார். வீட்டில் பொழுது போகாது என்பதுதான் நிஜம். பழி என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. வந்தவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் கால்நடை மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். பின்கட்டில் அவள் அறை. முன்கட்டில் டாக்டர் அறை. அவள் எடுக்கும் படம் நெட்வொர்க் கேபிள் வழியாக டாக்டரின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் டாக்டரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள், எழுதியிருந்தார். ஒன்பது வருஷமாக ஒரு குறையும் இல்லை.

"திங்கட்கிழமை காலையில வேலையை விடுறேன்னு கடிதம் கொடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில இடம் கிடைச்சிருக்கு. அன்னையில இருந்து நான் அனுப்புற படம் எதுவும் உருப்படியா போய்ச் சேரலை. மேல ஒரு கீற்று தெரியுது, கீழ எல்லாம் கிழிஞ்ச துணி மாதிரி இருக்கு. போறவ வேணும்னே கெடுத்துட்டுப் போறான்னு டாக்டர் ஹால்ல எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்திட்டார். அனுபவச் சான்றுல கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அதைக் காட்டலைன்னா புது வேலை போயிடும்."

"உன் அறையில படம் சரியா இருக்கா?" என்று மருமகள் கேட்டாள்.

"கண்ணாடி மாதிரி இருக்கு. படத்தோட நான் டைப் பண்ணி அனுப்புற குறிப்புகூட அவருக்கு ஒழுங்கா வந்துடுது. படம்தான் வம்பு. அவரோட பேசவும் முடியாது அக்கா. அந்த அறையில கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரையும், அதுக்கு மேல இவர் இரைவார்."

மாமனார் தொண்டையைச் செருமினார். "அம்மா, கேட்டியா? கேபிள்ல நடுவுல எவனோ திருடறான். பாதிப் படத்தை உருவிட்டு மீதியை அனுப்பறான். என் சர்வீஸ்ல பார்க்காத திருடனா? திருடன் கை வைச்ச இடத்துல சரக்கு குறையும். அதுதான் முதல் பாடம்."

"பார்க்கலாம் மாமா" என்று மருமகள் திருப்புளியைக் கீழே வைத்தாள். அவள் எதற்கும் பதறியதில்லை. பால் பொங்கி வழிந்தாலும் அடுப்பைத்தான் அணைப்பாள், கூச்சல் போடமாட்டாள்.

மருத்துவமனை ஹாலில் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். கூடைக்குள் ஒரு பூனை. காலைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு நாய். எக்ஸ்ரே பெண் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைப் பார்த்து மாமனாருக்கு நெஞ்சு கனத்துப் போனது. பொய்க் கேசில் மாட்டியவர்கள் இப்படித்தான் நடப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"வாங்க! நீங்களே பாருங்க!" டாக்டரின் குரல் ஜன்னல் கண்ணாடியில் மோதித் திரும்பியது. "இங்க எதுவும் மாறலை! அதே மேஜை, அதே ஸ்கிரிப்ட்! மாறினது இந்தப் பொண்ணோட மனசு மட்டும்தான்!"

"கம்ப்யூட்டர் எங்கே சார்?"

மேஜைக்கு அடியில் ஒரு மர அலமாரியைக் காட்டினார். பூட்டியிருந்தது. மருந்து எடுத்துக் கொடுக்கும் அவருடைய மனைவி வாசலில் நின்றபடியே, "ஞாயித்துக்கிழமை சர்வீஸ் பண்ணி வச்சோம். தூசி தட்டினோம், அவ்வளவுதான்" என்றாள்.

"அதுல திரை கொஞ்சம் பளிச்சுனு ஆச்சு! வேற ஒண்ணும் இல்லை!" என்று டாக்டர் கத்தினார். "இன்னொண்ணும் கேளுங்க! இவ அனுப்பினதைவிட வந்தது பெருசா இருக்கு! உள்ள எதையோ திணிச்சு அனுப்பறா!"

மருமகள் பின்கட்டில் அனுப்பிய கோப்பு, முன்கட்டுக்கு வந்த கோப்பு இரண்டையும் அளந்து பார்த்தாள். காலையில் எடுத்த நாய்க்காலின் படம் இங்கே ஆயிரத்து அறுநூற்று நாற்பத்து மூன்று பைட்டு கூடுதலாக இருந்தது. ஸ்கிரிப்டையும் ஒரு முறை படித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். அறையில் சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்றது. எவ்வளவு நல்ல கடிகாரம், எண்ணெய் போட்டிருப்பார்கள் போல என்று மாமனார் நினைத்துக்கொண்டார்.

"மாமா, திருடன் கை வைச்சா குறையும்னு சொன்னீங்க."

"ஆமா."

"இங்க கூடியிருக்கு. அப்போ திருடன் இல்லை. யாரோ தாராளமா அள்ளிக் கொடுத்திருக்காங்க."

பின்கட்டுக்குப் போய் அங்கிருந்த கம்ப்யூட்டரில் சில நிமிஷம் தட்டினாள். பிறகு புதிதாக ஒரு பூனைப் படத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி மடித்து, மாமனாரின் சட்டைப் பையில் வைத்தாள். அந்தப் படத்தை அனுப்பும்படி எக்ஸ்ரே பெண்ணிடம் சொன்னாள். முன்கட்டுக்கு வந்தார்கள். பூனை கிழிந்த துணியாக வந்து சேர்ந்திருந்தது.

"எவ்வளவு கூடியிருக்கு சார்?"

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "ரெண்டாயிரத்து நூத்தி எட்டு!"

மாமனார் காகிதத்தைப் பிரித்தார். அதே எண்.

"எப்படிம்மா?"

"கோப்புன்னா வெறும் எண்கள் மாமா, ஒவ்வொரு எண்ணும் ஒரு பைட்டு. எழுத்துக் கோப்புல பத்துங்கிற எண் வந்தா வரி முடிஞ்சதுன்னு அர்த்தம். சில ரகக் கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு எண் போதும். வேற சில ரகம் பத்துக்கு முன்னாடி பதிமூணையும் சேர்த்து எழுதும். டாக்டர் ஸ்கிரிப்ட்ல, வர்றதை எழுத்துன்னு நினைச்சுச் சேமின்னு இருக்கு. குறிப்புக்கு அது பாதகமில்லை. படத்துல பத்துங்கிறது ஏதோ ஒரு சாம்பல் நிறமா இருக்கலாம். அது வர்ற இடமெல்லாம் ஒரு பதிமூணை நுழைச்சா, பின்னால வர்ற எல்லாம் நகர்ந்து போகும். பூனைப் படத்துல எத்தனை பத்து இருக்குன்னு எண்ணினேன். ரெண்டாயிரத்து நூத்தி எட்டு. நாய்க்கால்லயும் ஆயிரத்து அறுநூத்தி நாப்பத்து மூணு பத்துதான்."

"அப்போ ஒன்பது வருஷமா ஏன் கெடலை?" என்று டாக்டர் மடக்கினார்.

"அதுவரைக்கும் இருந்தது பதிமூணு சேர்க்காத ரகம். ஞாயித்துக்கிழமை அது மாறிடுச்சு."

"மாறலைன்னு சொல்றேனே!"

"சார், இந்தக் கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரையும்னு இந்தப் பொண்ணு சொன்னா. இப்ப கடிகாரம் ஓடுற சத்தம் கேட்குது. ஆனா நீங்க இன்னும் மில்லுக்கு மேல கத்திட்டு இருக்கீங்க. தூசி தட்டினா இரைச்சல் குறையும், ஒரேயடியா ஊமையாகாது."

மாமனார் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். கடிகாரத்தை நாமும் கேட்டோமே, எண்ணெயோடு விட்டுவிட்டோமே.

எல்லோரும் டாக்டரின் மனைவியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள். உள்ளே கறுப்பாக, கையகலத்தில் ஒரு புதுப் பெட்டி.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. கத்திக் கத்தியே உங்களுக்கு ரத்தக் கொதிப்பு. பழசை மாத்தினா ஆஸ்பத்திரியையே மூடிடுவேன்னு சொன்னீங்க. அதான் சொல்லாம மாத்தினேன். புதுசை வித்த கடைக்காரர் உங்க ஸ்கிரிப்டை அப்படியே எடுத்துப் போட்டு, திரையையும் பழசு மாதிரியே வச்சுக் கொடுத்துட்டார். இதனால அந்தப் பொண்ணுக்கு வினை வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது." அவள் கண் கலங்கியது.

மருமகள் ஸ்கிரிப்டைத் திறந்து, சேமிக்கும் வரியில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தாள். "இனிமே வர்றது வர்றபடியே எழுதும். கூட்டாது, குறைக்காது." நாய்க்கால் மறுபடி அனுப்பப்பட்டது. எலும்பும் அதில் முடி மாதிரி ஒரு விரிசலும் திரையில் துல்லியமாகத் தெரிந்தன.

டாக்டர் அந்த விரிசலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சான்றிதழை எடுத்துக் கையெழுத்திட்டு நீட்டினார். "மன்னிச்சிரும்மா" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

எக்ஸ்ரே பெண் காகிதத்தை வாங்கவில்லை. "திட்டினது ஹால் முழுக்கக் கேட்டுச்சு டாக்டர். இது எனக்கே சரியா கேட்கலை."

என்ன துணிச்சல் என்று மாமனாருக்குத் தோன்றியது. கூடவே சபாஷ் என்றும் தோன்றியது. டாக்டர் எழுந்தார். கதவை முழுதாகத் திறந்தார்.

"எல்லாரும் கேளுங்க!" நாய் குரைத்தது, பூனை கூடைக்குள் பதுங்கியது. "இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை! தப்பு நான் எழுதினதுல! தெரியாம வாய்க்கு வந்தபடி பேசினது நான்! இவளை மாதிரி படம் எடுக்க ஆள் கிடைக்காது!"

ஹாலில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் பார்த்த பார்வை இல்லை அது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கினாள்.

"இப்ப கேட்டுச்சு டாக்டர்" என்றாள்.