ஸ்டெல்லா கை

"என் கடைய யாரோ கவுத்துட்டாங்க சார்," என்று தேவப்பிரியம் அம்மாள் ஒரு ரவிக்கையைப் பரசுராமனின் மேசைமேல் வைத்தாள்.

1932-இல் ராயபுரத்தில் அவளைத் தெரியாதவர் கிடையாது. புருஷன் போனபின் மூன்று மாடி ஜவுளிக்கடையைத் தனியாக நடத்தியவள். இந்த வருஷம் ரவிக்கைக்கு இன்ன கை என்று அவள் சொன்னால், எண்ணூர் வரை பெண்கள் அந்தக் கைதான் வைத்துத் தைப்பார்கள். பொம்பளைக்கு எதற்கு வியாபாரம் என்று சிரித்த பெரிய மனிதர்களின் வீட்டுப் பெண்களும் அவள் கடையில்தான் போய் நின்றார்கள்.

"இது என் ஸ்டெல்லா கை. கிறிஸ்துமஸுக்குன்னு இருக்கிறதெல்லாம் கொட்டித் தெச்சி அடுக்கி வெச்சிகிறேன். சைனாபஜார்ல ஒரு கடைக்காரன் இதையே முந்தித் தொங்க வுட்டுட்டான், இது அவங்கிட்ட வாங்கினதுதான். நான்தான் அவனப் பாத்து தெச்சேன்னு ஊரு சொல்லிகினு கீது. ஒருத்தரும் வாங்க வரல."

ஸ்டெல்லா அவளுடைய ஒரே மகள். சிறு வயதுக் காய்ச்சலில் அந்தப் பெண்ணின் வலது கை வீங்கி, அப்படியே நின்றுவிட்டது. அதை மறைக்கத்தான் தாய்க்காரி தோளில் கொசுவம் வைத்து உப்பிய இந்தக் கையைக் கண்டுபிடித்தாள். அவள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்து வைத்திருந்த அந்த வருஷ ஆவணியில் பெரியம்மை கண்டு மகள் இறந்தாள். பாவம், வேறென்ன சொல்வது.

"இந்தக் கைக்குத் துணி வெட்டும் அளவுக் காகிதம் எங்கே இருக்கும்?" என்றார் பரசுராமன்.

"இரும்புப் பொட்டில. துணி வெட்டற கட்டர் மஜீதுக்கு மட்டுந்தான் எடுத்துக் குடுப்பேன். அவன்தான் வித்துட்டான். நாளைக்கி போலீஸ்ல சொல்லிடுவேன்."

பரசுராமனின் சிநேகிதன் கம்பவுண்டர் ஜெயவேல் எழுந்தே விட்டான். "அப்புறம் இன்னா நைனா, மஜீதத் தூக்க வேண்டியதுதானே."

போலீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரான பரசுராமன் ரவிக்கையின் ஒரு கையை மற்றதன்மேல் வைத்துப் பார்த்தார். "காலையில் கடைக்கு வருகிறேன்," என்றார்.

மறுநாள் கடையில் ஈ காக்கை இல்லை. அழுது முகம் வீங்கிய மஜீதும், விற்பனைப் பெண்களை மேய்க்கும் தேவப்பிரியத்தின் தங்கை ரோசம்மாவும் நின்றார்கள். ரோசம்மாவின் முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு.

"மாஸ்டர், காகிதத்தில் ரெண்டு கையும் ஒரே அளவா?" என்று பரசுராமன் மஜீதைக் கேட்டார்.

"ஒரு கைக்குத்தான் சார் காகிதமே. அதையே திருப்பி வெச்சி இன்னொரு கைய வெட்டுவோம்."

"சைனாபஜார்க்காரன் ரவிக்கையில் வலது கை ரெண்டு விரல் கூடுதல் அகலம். கொசுவத்தில் தெரியவில்லை. காகிதத்தைக் கொண்டு வெட்டியிருந்தால் இப்படி வராது. தைத்த ரவிக்கையைப் பிரித்து, துண்டு துண்டாகத் துணிமேல் வைத்து வெட்டியிருக்கிறார்கள். வலது கை அகலமாக எத்தனை தைத்தீர்கள்?"

"ஒண்ணுதான் சார். ஸ்டெல்லா பாப்பாவுக்கு."

"அது எம்பொண்ணு கூடவே சவப்பொட்டில போயிடிச்சி," என்றாள் தேவப்பிரியம்.

"நீங்கள் பார்த்தீர்களா அம்மா?"

"எங்க வுட்டாங்க? அம்மை கண்ட ஒடம்பு, கிட்ட போவாதேன்னு புடிச்சிகினாங்க. வாசப்படில நின்னு ரவிக்கையக் குடுத்தேன். பொட்டிய ஆணி அடிச்சித்தான் வெளிய கொணாந்தாங்க."

"யார் கையில் கொடுத்தீர்கள்?"

ஏற்கெனவே அம்மை கண்டு பிழைத்தவர்களைத்தான் அந்த அறைக்குள் விடுவார்கள். ஜெயவேலுக்கே அப்போதுதான் உறைத்தது. எல்லாரும் ரோசம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"மண்ணுக்குள்ள போற துணிதானேக்கா," என்றாள் ரோசம்மா. "சைனாபஜார் கடையில பொம்பளைங்க துணி பூரா என் பொறுப்புல வுடறேன்னாங்க. இங்க இத்தினி வருசமா நான் உன் தங்கச்சி மட்டுந்தான்."

"போலீசுக்கு ஆள் அனுப்பட்டுமா?" என்று ஜெயவேல் கேட்டான். தேவப்பிரியம் காதில் அது விழவில்லை. மஜீதிடம் மன்னிப்புக் கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"கடை போனா போவுது. ரோசா, எம்பொண்ணு இன்னாத்த உடுத்திகினு போச்சி?"

ரோசம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கெடந்த போர்வையில சுத்திட்டேன்க்கா."