கைக்கு வந்த கயிறு

காலையில் செங்கத்தில் வாங்கிய புதுக் கயிறு, அதற்குள் கையில் வழுவழுத்தது. சேறு கலங்கிக் கண்ணை மறைத்ததும் அருணா துழாவிப் பிடித்த கயிறு அது. குவாரித் தண்ணீரில் எல்லாமே வழுக்கத்தான் செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் கைவிட்ட கல்குவாரி. மழைத் தண்ணீர் நிறைந்து ஆழமாகக் கிடந்தது. ஸ்கூபா முக்குளிப்பு பழக வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை இதற்குள் கூட்டிப்போகும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. வழி பார்த்து வைக்க இன்று தனியாக இறங்கினாள். ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். ஆனால் அவளோடு ஜோடி சேர யாரும் இல்லை. புதுச்சேரிக் கடலில், மூழ்கிய இரும்புப் படகருகே திசைகாட்டி முள் பிசகியது தெரியாமல், இருவரையும் இணைத்த கயிற்றை இழுத்துத் தடுத்த தோழி ஷோபனாவையும் மதிக்காமல், நம்பி வந்தவர்களை எதிர்த்திசைக்கு இட்டுப்போனவள் அவள். எல்லோரும் உயிர் தப்பியதே பெரும்பாடு. அதற்குப் பிறகு ஷோபனா போனைக்கூட எடுப்பதில்லை. அது அருணாவுக்கு இன்னமும் வலித்தது.

கரையில், அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையோடு காவல்காரர் லட்சுமணன் உட்கார்ந்திருந்தார். கதையைக் கேட்டு, கடலிலேயே வழி தெரியாதவளா என்று சீண்டியவர், இறங்கும்போது மட்டும் குரலைத் தணித்தார்.

"இன்னா ஆனாலும் கயித்த வுடமாட்டேம்மா. ரெண்டு வாட்டி இஸ்த்தேன்னா வந்துடணும்."

இப்போது கயிறு இரண்டு முறை இழுத்தது.

கரை பின்னால் இருக்கிறது என்றது திசைகாட்டி. கயிறோ முன்னால் இழுத்தது. அடியில் பழைய கல்லுடைக்கும் இயந்திரம் கிடப்பதாக லட்சுமணன் சொல்லியிருந்தார். இரும்பு. ஒருமுறை பட்டது போதும், இந்தத் தடவை கயிற்றைத்தான் நம்புவது என்று முள்ளைப் பார்ப்பதை விட்டாள். தன் மூச்சு இழுபடும் ஓசையும், குமிழிகள் காதோரம் கொப்பளித்துப் போகும் ஓசையும் தவிர வேறெதுவும் இல்லாத அந்தப் பழுப்பு இருட்டில், வாயில் ரப்பர் கசக்க, கைமாற்றிக் கைமாற்றிக் கயிற்றைப் பற்றிக்கொண்டு போனாள். தன்னையும் ஒருவர் கூப்பிடுகிறாரே என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கரை வரவில்லை.

காது வலித்தது. கீழே இறங்கினால் வரும் வலி அது. தண்ணீர் குளிர்ந்தது. காற்று மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டது.

நின்றாள். கயிறு நிற்கவில்லை.

பின்னாலிருந்து இடுப்பில் ஓர் இழுப்பு. இன்னொன்று.

இடுப்பைத் தடவினாள். அவள் போட்ட முடிச்சு. அதிலிருந்து கிளம்பிய கயிறு பின்பக்கமாக, மேலே போனது. முடிச்சிலிருந்து தடவித்தான் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். கைக்கு வந்ததைப் பிடித்துவிட்டாள். லட்சுமணன் அங்கே, மேலே இருக்கிறார்.

அப்படியானால் இது?

விடு. விட்டுவிடு.

விரல்களை விரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. மறு மணிக்கட்டில் கட்டியிருந்த விளக்கைத் திருப்பினாள். அவள் கைமேல், விரலுக்கு விரல் பொருந்தி, இன்னொரு கை இறுக மூடியிருந்தது.