றிஸ்வான் விடாத கைப்பிடி

விட்ட கைப்பிடி நடுவுக்குத் திரும்பியது. ஆனால் பிந்தித்தான் திரும்பியது.

சரீப் அதை மறுபடியும் இடப்பக்கம் சாய்த்துப் பிடித்து விரல்களை எடுத்தான். வீடியோ கேம் மெசினின் கைப்பிடி என்றால் விட்டவுடன் துள்ளி நிமிர வேண்டும். இதுவோ தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆளைப்போல, மெல்ல, மனமில்லாமல் நிமிர்ந்தது. உள்ளே இருப்பது நல்ல ஸ்பிறிங். சற்று முன்னர்தான் அதைக் கழற்றி, பெற்றோலில் கழுவி, பழைய சாரன் துண்டால் துடைத்துப் பூட்டியிருந்தான். பிசுக்கில்லை, மணலில்லை. கல்முனைக் கடற்காற்றில் வருஷக்கணக்காக நின்ற இரும்பில் ஒரு பொட்டுத் துருவும் இல்லாததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம். தெருவில் ஆண் குரலே இல்லை; எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பள்ளியின் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டது, வெயிலில் காய்ந்த ஓலைவேலிகளில் மோதி மோதி, வீட்டுக்குள் வந்து சேரும்போது சொல் தேய்ந்து வெறும் இரைச்சலாக வந்தது. மனைவி ஸகியா பெருநாள் உடுப்பு எடுக்கச் சாய்ந்தமருதுக்குப் போயிருந்தாள். அவளிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லியிருந்தான். மெசினின் சொந்தக்காரர் சீனிமுகம்மது அதை வண்டிலில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொடியன்மார் வந்து குவிவார்கள், அதற்குள் திருத்து என்று ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார்.

“றிஸ்வான் மவுத்தானதுல இரிந்து இது ஒருத்தன்ட கையிக்கும் மசியுதில்ல சரீப்” என்று அவர் சொன்னபோது, சரீப் வண்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இறந்துபோன றிஸ்வான் ஸகியாவின் தம்பி, இருபது வயது. மாமியார் சுபைறா மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த இந்த வீட்டுக்குச் சரீப் மாப்பிள்ளையாக வந்த நாளில், அவனது றேடியோப் பெட்டிகளைத் தூக்கி வந்து இந்த மேசையில் அடுக்கியவன்.

றிஸ்வான் உயிரோடிருந்த காலத்தில், சீனிமுகம்மதுவின் கடையில், கரண்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடும் டிரிப் சுவிட்ச் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. மெசினுக்குள் எங்கோ கரண்ட் கசிகிறது என்பது சரீபுக்குத் தெரியும். தேடிப் பிடிக்கச் சோம்பல். டிரிப் சுவிட்சைத் தாண்டி வயரை நேரே கொடுத்தான், விழுவது நின்றது. கெட்டிக்காரன் என்று சீனிமுகம்மது தோளில் தட்டினார். பிறகொரு நாள், மாரி மழையில் நனைந்து, வெறுங்காலோடு ஈரச் சீமெந்தில் வந்து நின்ற றிஸ்வான், பிளாஸ்டிக் உருண்டை கழன்ற கைப்பிடியின் இரும்புக் கம்பியைப் பிடித்தான். பிடித்தவனால் விட முடியவில்லை. ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரம், சரீப் கடையில் தனியே நின்று, நேரே கொடுத்த வயரைக் கழற்றி, டிரிப் சுவிட்சைப் பழையபடி பூட்டினான்.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள். பிரேதப் பரிசோதனை என்று பிள்ளையில் கத்தி வைக்க விடமாட்டேன் என்றாள் சுபைறா. மையித்தைக் குளிப்பாட்ட முன்வந்தவனும் சரீப்தான். வலது கை மூடிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றியவர் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் மூட்டுகளை உருவி உருவி, சரீப் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். உள்ளங்கையில் கருகிய வட்டம் இருந்தது. குளிப்பாட்டுகிறவன் மையித்தில் கண்டதை வெளியில் சொல்லக் கூடாது. வேறெந்தக் கட்டளையையும் சரீப் தன் வாழ்நாளில் இத்தனை கவனமாகக் காத்ததில்லை.

வாசல் சீலை விலகியது. சுபைறா நின்றாள். முன்பு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற பெண். இப்போது பாதிச் சீலையே அவளை மறைத்தது.

“ஜும்ஆக்குப் போகல்லியா மகன்?”

“காய்ச்சல் மாமி.”

“அந்த மெசினா இது?”

“ஓம்.”

அவள் போகவில்லை. சரீப் குனிந்து, திருகிய ஆணியையே மறுபடி திருகினான்.

“நீங்கதானே அவனக் குளிப்பாட்டின. முகம் எப்பிடி இரிந்திச்சி?”

“நல்ல வெளிச்சமா இரிந்திச்சி மாமி.”

“அண்டைக்குக் காலையில நான் ஏசின. இந்த மெசினோடயே மவுத்தாப் போ எண்டு. உம்மாட வாயால சொன்ன மகன். அது பலிச்சிட்டு.”

“அப்பிடி ஒண்டுமில்ல. அல்லாஹ்ட நாட்டம்.”

எத்தனையோ தடவை சொன்ன பதில். அதைக் கேட்டு அவள் ஒரு பிடி சோறு அதிகமாகத் தின்றதில்லை. சீலை விழுந்தது. உள்ளே பாய் விரியும் சத்தம் கேட்டது. ஒரு சொல் போதும் அவளை எழுப்ப. அந்தச் சொல்லைச் சொன்னால் இந்த வீடு, இந்த மேசை, ஸகியா, எல்லாம் போய்விடும். தன்னை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

மெசின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கைப்பிடியைப் பிடித்து மெல்ல உருட்டினான். கம்பி சூடாக இருந்தது. வெயிலின் சூடு என்று நினைத்தான். ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது, பிளக் கழன்று நிலத்தில் கிடந்தது, பெற்றோல் மணத்துக்கு அடியிலிருந்து வேறொரு மணம் மெதுவாக மேலே வந்தது, முதலில் கற்பூரம், பிறகு வெந்நீரில் ஊறிய இலந்தை இலை, றிஸ்வானைக் குளிப்பாட்டிய அன்றைய மணம். கைப்பிடி ஓரிடத்தில் தடுத்தது. உருவினான். இளகியது. அடுத்த இடத்தில் தடுத்தது. உருவினான். இரும்பு இப்படித் தடுப்பதில்லை. மூட்டுத்தான் இப்படித் தடுக்கும், பிறகு இப்படி இளகும். அவன் கைக்கு அது தெரிந்திருந்தது.

குத்பா முடிந்தது. தொழுகை தொடங்குகிற இகாமத் கேட்டது. பிறகு ஊர் முழுவதும் ஒரே அமைதி. காகம்கூட இல்லை.

சொல்லிவிடுவோம் என்று நினைத்தான். அந்த நினைப்பு வந்ததும், இத்தனை மாதத்தில் முதல்முறையாக முழு மூச்சு எடுத்தான். அடித்தாலும் துரத்தினாலும் பரவாயில்லை. சொல்லிவிடுவோம்.

“மாமி.”

“என்ன மகன்?”

“இஞ்ச வாங்க. ஒரு கத இரிக்கி.”

அவள் எழும்பி வரும் சத்தம். கைப்பிடியிலிருந்து கையை எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை.

விரல்கள் கம்பியைச் சுற்றி மூடியிருந்தன. விரிக்கச் சொன்னான். விரியவில்லை. இன்னும் இறுகின. நிலத்தில் பிளக். மூன்று பித்தளைக் கால்களும் அவனுக்குத் தெரிந்தன. கரண்ட் இல்லை. ஆனாலும் பல் கிட்டியது. தாடை பூட்டிக்கொண்டது. நாக்கு உள்ளே கிடந்து துடித்தது.

சுபைறா அவனுக்கு முன்னால் வந்து, பெட்டியொன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவன் முகத்தையே பார்த்தாள். அங்கே என்ன கண்டாளோ, அவளே முந்திக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும் மகன். நீங்க எனக்காக மறைச்ச. இண்டைக்குச் சொல்லத்தானே கூப்பிட்ட?”

இல்லை. மாமி, இல்லை.

“என்ட ஏச்சுத்தானே அவன மவுத்தாக்கின?”

கைப்பிடி அசைந்தது.

முன்னுக்கு. பின்னுக்கு. துளி மந்தமில்லை. புதுக் கைப்பிடிபோல விறுவிறு என்று அசைந்தது. அது கையை இழுத்தது. கை தோளை இழுத்தது. தோள் கழுத்தை இழுத்தது.

அவன் தலை கீழே போனது. மேலே வந்தது.

“ஓமா?” என்றாள் அவள், மிக மெதுவாக.

கீழே. மேலே.

கழுத்தை விறைத்தான். நரம்பு புடைத்தது. கண்ணால் கத்தினான். கண்ணீர் வந்தது. அதையும் அவள் பார்த்தாள். அவன் தனக்காக அழுகிறான் என்று எடுத்துக்கொண்டாள்.

கீழே. மேலே.

சுபைறா முக்காட்டு நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவன் தலையைப் பார்த்தபடி, அதே வேகத்தில், அவளும் தலையாட்டத் தொடங்கினாள்.