ஒன்பதாவது கேள்வி

பெர்மெத்தின் குட்டித் தம்பி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதன்பிறகு அம்மா சரியாகத் தூங்குவதில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பார்.

நரின் நகரத்து மருத்துவமனையில் செவிலியர் கான்ஷயிம் ஒரு டேப்லெட்டை நீட்டினார். "ஒன்பது கேள்வி இருக்கு. மனசு எப்படி இருக்குன்னு இதுவே சொல்லிடும்."

கேள்விகள் ரஷ்ய மொழியில் இருந்தன. அம்மாவுக்கு அது படிக்க வராது. பத்து வயது பெர்மெத் ஒவ்வொன்றாகப் படித்து, வீட்டு மொழியில் கேட்டாள்.

"தூக்கம் வராம கஷ்டப்படுறீங்களா?"

"நல்லா தூங்குறேனே!"

"பசிக்காம இருக்கா?"

"அதெல்லாம் இல்ல."

"எங்க டீச்சரைவிட அதிகமா கேள்வி கேக்குதும்மா இது!"

அம்மா சிரிக்கவில்லை.

ஒன்பதாவது கேள்வியைப் பெர்மெத் இரண்டு முறை மனதுக்குள் படித்தாள். "உயிரோட இருக்கவே வேணாம்னு... தோணுதா?"

"சேச்சே! இல்லடி தங்கம்," என்றார் அம்மா அவசரமாக.

திரை பச்சையானது. 'நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். இந்தச் சோதனை திருப்தியா?' கீழே ஐந்து நட்சத்திரங்கள்.

"அஞ்சையும் அமுக்கு. ஊருக்குப் போற வேன் போயிடும்," என்றார் அம்மா.

பெர்மெத்தின் விரல் நகரவில்லை. தான் பக்கத்தில் இருக்கும்வரை அம்மா உண்மையைச் சொல்லவே மாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

ஒரே ஒரு நட்சத்திரத்தை அழுத்தினாள். 'காரணம்?' என்றது திரை. 'நான் பயந்துவிடுவேன் என்று அம்மா எல்லாவற்றையும் மறைத்துவிட்டார்' என்று எழுதி, கான்ஷயிமிடம் காட்டினாள்.

"இதை நம்ம மொழியில பேச வைக்க முடியுமா அக்கா? அம்மாவுக்கு மட்டும் கேக்கற மாதிரி?"

கான்ஷயிம் அவள் எழுதியதைப் படித்தார். "பேசும். எனக்குத்தான் தோணல," என்று இழுப்பறையிலிருந்து இயர்போனை எடுத்தார்.

"அம்மா, நான் வெளியில இருக்கேன். நீங்க என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது."

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். அம்மாவின் விரல் மெதுவாக நகர்ந்தது. கடைசிக் கேள்வியில் அப்படியே நின்றது. பிறகு அழுத்தியது.

திரை சிவந்தது. அம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். கான்ஷயிம் அவரை அணைத்துக்கொண்டார். மருத்துவர் விரைந்து உள்ளே போனார்.

வெகுநேரம் கழித்துப் பெர்மெத்தைக் கூப்பிட்டார்கள்.

"கொஞ்ச நாள் இங்கேயே தங்கச் சொல்றாங்க. மாமா வந்து உன்னைக் கூட்டிட்டுப் போவார்," என்றார் அம்மா. "பயமா இருக்கா?"

"இருக்கு."

அம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும்தான்டி."